வேலூரில் ரிசப்ஷன் மண்டபம் தேடுகிறீர்களா? மேடையை விடுங்கள், பந்தியைப் பாருங்கள்

வேலூர்ப் பக்கம் மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பகல் பதினொரு மணி வாக்கில் போகிறார்கள். மேனேஜர் எல்லா லைட்டையும் போட்டுக் காட்டுவார், ஏசியையும் ஓடவிடுவார், மேடை அகலமாக இருக்கும், மேலே சரவிளக்கு தொங்கும், கூட வந்த அத்தையும் சித்தியும் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள், அங்கேயே அட்வான்ஸ் கைமாறிவிடும். காலியாக இருக்கும்போது எல்லா மண்டபமும் நன்றாகத்தான் இருக்கும். அதன் லட்சணம் தெரிவது முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி எட்டரை மணிக்கு.

அதனால் காலண்டரை எடுத்து அடுத்த முகூர்த்த நாள் எது என்று பாருங்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கல்யாண வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் வெளியே நின்று கவனியுங்கள். கார்கள் ரோட்டில் எவ்வளவு தூரத்துக்கு நிற்கின்றன, டைனிங் ஹால் வாசலில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், கை கழுவும் இடத்தில் தரை எப்படி இருக்கிறது, இது போதும். சில மண்டபங்களில் சாப்பிடுகிறவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டே அடுத்தவர் நிற்பார். உட்கார்ந்திருக்கும் பெரியவர் ரசத்துக்கு இலையில் குழி பறித்துவிட்டு, பின்னால் ஆள் நிற்பது தெரிந்து, மோர் வாங்காமலே இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார். மேடை அலங்காரத்துக்கு எவ்வளவு செலவு செய்திருந்தாலும் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போவது இதைத்தான்.

மண்டபக்காரர் "ஆயிரம் சீட்" என்று சொன்னால் அது ஹாலில் போடும் நாற்காலிக் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது ஒரு பந்திக்கு எத்தனை இலை என்று. இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, மேசையைத் துடைத்து அடுத்த பந்தி உட்கார முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு முதல் பந்தி என்றால் பத்து மணிக்குள் நான்கு பந்தி வரும். 200 இலை விழுகிற டைனிங் ஹாலில் 800 பேர் சாப்பிடலாம் என்று கணக்கு சொல்லும், ஆனால் ஜனங்கள் அப்படிப் பிரித்துக்கொண்டு வருவதில்லை. முதல் பந்தியில் பாதி இலை காலியாக இருக்கும், எட்டிலிருந்து ஒன்பதுக்குள் பாதிக் கூட்டம் ஒரேயடியாக வந்து இறங்கும். 800 பேரை எதிர்பார்க்கிற வீட்டுக்கு 300 இலை விழுகிற இடம் இருந்தால்தான் நிம்மதி. அந்த அளவுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் இளவட்டங்களுக்கும் ஆபீஸ் ஆட்களுக்கும் தனியாக பஃபே போட்டுவிட்டு, பந்தியைப் பெரியவர்களுக்கும் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் விட்டுவிடலாம். எல்லோருக்கும் பஃபே என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழங்கால் வலியோடு குடியாத்தத்திலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ பஸ் பிடித்து வந்த பாட்டியைத் தட்டோடு நிற்கவைப்பது சரியில்லை.

எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கையும் பத்திரிகை எண்ணிக்கையை வைத்து மட்டும் போடாதீர்கள். ஆபீஸில் கொடுத்த பத்திரிகைக்கு ஒருவர் வருவார், பங்காளி வீட்டில் கொடுத்ததற்கு வீட்டோடு வருவார்கள், வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதற்கு வந்தாலும் வரலாம். இரண்டு வீட்டாரும் தனித்தனியாகப் பெயர் எழுதி, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் தலை எண்ணிக்கை போட்டுக் கூட்டுங்கள். மண்டபம் தேடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது.

அடுத்தது சமையல்கட்டு. முதல் கேள்வியே சைவம் மட்டுமா, அசைவம் உண்டா என்பதுதான். சில மண்டபங்களில் அசைவத்துக்கு இடமே கிடையாது, இன்னும் சிலவற்றில் ரிசப்ஷனுக்குச் சரி, முகூர்த்தத்துக்குக் கூடாது என்பார்கள். பிரியாணி என்று முடிவு செய்துவிட்டால் விறகு அடுப்புக்கு அனுமதி உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலிருந்து வருகிற மாஸ்டர்கள் சீரகச் சம்பாவைத் தேக்சாவில் போட்டு விறகில் சமைத்து, தம்முக்கு மூடிமேல் கங்கு அள்ளிப் போடுகிறவர்கள். அவர்களைக் கொண்டுபோய் ஜன்னல் கூடச் சரியாக இல்லாத உள்சமையல்கட்டில் காஸ் அடுப்புக்கு முன்னால் நிறுத்தினால் நீங்கள் ஆசைப்பட்ட பிரியாணி வராது. பின்பக்கம் திறந்தவெளி இருக்க வேண்டும், தேக்சா இறக்க வண்டி அதுவரை வர வேண்டும், புகை டைனிங் ஹாலுக்குள் திரும்பக் கூடாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் சமையல்காரரை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். நமக்குக் கண்ணில் படாததெல்லாம் அவருக்குப் படும். வடித்த கஞ்சி போகிற சாக்கடை வாட்டம் சரியாக இருக்கிறதா, சமையல்கட்டிலிருந்து டைனிங் ஹாலுக்குப் படி ஏற வேண்டியிருக்கிறதா (கொதிக்கிற சாம்பார் வாளியோடு வழுக்குகிற படியில் ஓடுவது சப்ளை பையன்கள்தான்), அண்டா குண்டா எல்லாம் மண்டபத்திலேயே இருக்கிறதா, வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்று அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். காஸ் என்றால் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் வைக்க வேண்டும், அது யார் பொறுப்பு என்றும் பேசிவிடுங்கள். சைவ விருந்து போடுகிறவர்கள் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயில் ஒரு எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்கச் சொல்லுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்க் காய், அணைக்கட்டுப் பக்கத்தில் விளைவது, வெளியூர் விருந்தாளிகளுக்கு நாம் பெருமையாகப் போடலாம்.

மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட், பிளாஸ்டிக் பூச்சு உள்ள டீ கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பேப்பர் ரோலும் டம்ளரும் மண்டபத்திலேயே தருகிறார்களா என்று கேளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இந்த ஊரில் யாரையும் நம்பிவிடக் கூடாது. நீரில்லாத ஆறு என்று ஊரே சொல்கிற பாலாற்றின் கரையில் இருக்கிறோம். சித்திரை, வைகாசியில் போர் வற்றிவிட்டால் லாரித் தண்ணீர்தான், அதற்கு யார் பணம் கொடுப்பது என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு கொள்ளும், மோட்டார் ஜெனரேட்டரில் ஓடுமா என்பதையும் கேட்க வேண்டும். ராத்திரி பந்தி முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, விடியற்காலை நாலு மணிக்கு இரண்டு வீட்டு உறவுகளும் குளிக்க எழுந்திருப்பார்கள், அந்த நேரத்தில் குழாயில் காற்றுதான் வருகிறது என்றால் மேனேஜர் போனை எடுக்க மாட்டார்.

கரண்டுக்கும் அதே மாதிரிதான். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அக்னி நட்சத்திரத்தில் சூரியன் மறைந்த பிறகும் சுவரெல்லாம் அனல் அடிக்கும். வெளியூர்க்காரர்கள் "ஏசி ஹால்" என்று போட்டிருந்தால் போதும் என்று நினைப்பார்கள், நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். வாடகையில் ஏசி எத்தனை மணி நேரம், அதற்கு மேல் ஓடினால் மணிக்கு எவ்வளவு, டைனிங் ஹாலில் ஏசி உண்டா, இதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக ஒன்று கேளுங்கள்: கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, லைட்டும் ஃபேனும் மட்டுமா? பல இடங்களில் பதில் இரண்டாவதுதான். பட்டுப்புடவையில் மூன்று மணி நேரம் மேடையில் நிற்கப் போவது உங்கள் வீட்டுப் பெண், நினைவிருக்கட்டும். ஏசியைக் கூட்டம் வந்த பிறகு போட்டால் பிடிக்காது, ஐந்து மணிக்கே போட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும், அந்த நேரமும் உங்கள் மணிக்கணக்கில் சேரும்.

இடம் எங்கே என்பது நீங்கள் யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வருகிறவர்கள் அதிகம் என்றால் சத்துவாச்சாரிப் பக்கம், ஹைவேயை ஒட்டிய இடங்கள் வசதி. ஆனால் மண்டபம் ரோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது, எதிர்த் திசையிலிருந்து வருகிறவர் எங்கே போய்த் திரும்ப வேண்டும் என்று நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பஸ்ஸில் வந்து இறங்குகிற வயதானவர்கள் இருட்டில் ஹைவேயைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் அந்த மண்டபமே வேண்டாம். ரயிலில் வருகிறவர்களுக்குக் காட்பாடி, காந்தி நகர் பக்கம் சௌகரியம், காட்பாடியில் நிற்காத ரயில் குறைவு. ஆனால் வேலூர் டவுன் சொந்தங்கள் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வர வேண்டும், சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை கிரீன் சர்க்கிளிலும் சித்தூர் ரோட்டிலும் வண்டி நகராது. டவுனுக்குள் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரி இடங்களில் நடந்தே வந்துவிடுகிற சொந்தம் நிறைய இருந்தால் அங்கே பிடிப்பதுதான் சரி, கார் நிறுத்தத்தான் இடம் இருக்காது. பாகாயம், தொரப்பாடி, அரியூர் பக்கம் இடம் தாராளமாகக் கிடைக்கும், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போகிற ரோடு என்பதால் விடுமுறை நாளில் அங்கேயும் வண்டி சேரும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது கடைசி பஸ். ஊசூர், அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் எட்டரை மணிக்கே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். பத்திரிகையில் 6.30 என்று போட்டுவிட்டு, மேக்கப் முடிந்து மணமக்கள் மேடைக்கு வர எட்டு மணி ஆனால், அவர்கள் மொய்யை எழுதிவிட்டு, சரியாகச் சாப்பிடாமல், பெண் மாப்பிள்ளை முகத்தைக் கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுவார்கள். எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும் விஷயம். மணமக்கள் வராவிட்டாலும் ஆறரைக்கே பந்தி தொடங்கிவிடுகிற ஏற்பாடு வேண்டும், முடிந்தால் ஊருக்கு ஒரு வேன் பேசிவிடுங்கள், அந்த வேன் நிற்கவும் மண்டபத்தில் இடம் இருக்கிறதா பாருங்கள்.

தங்க ரூம் வேண்டுமென்றால் மண்டபம் முடிவான அன்றே லாட்ஜையும் பேசிவிடுங்கள். சிஎம்சிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற நோயாளிகளும் கூட வருகிறவர்களும் வருஷம் பூராவும் ஆஸ்பத்திரியைச் சுற்றி ரூம் எடுத்திருப்பார்கள், விஐடி அட்மிஷன், பட்டமளிப்பு விழா சமயம் என்றால் காட்பாடிப் பக்கமும் கிடைக்காது. மண்டபத்தோடு எத்தனை ரூம், எத்தனை பாத்ரூம், மணமகள் அறைக்கு உள்ளேயே பாத்ரூமும் சரியாக விழுகிற தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்று கதவைத் திறந்து மூடியே பாருங்கள். நகை இருக்கும் அறை அது.

படிக்கட்டு பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மாடியில் ஹால் உள்ள மண்டபம் என்றால் இறங்க இரண்டு வழி இருக்க வேண்டும், இரண்டாவது வழியில் நாற்காலியையும் பழைய சாமானையும் அடுக்கிப் பூட்டி வைத்திருக்கக் கூடாது. மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு அங்கே பந்தி வைக்கிற இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள், ஓடுகிறதா என்று ஏறிப் பாருங்கள். புல்வெளியில் ரிசப்ஷன் வைக்கிற ஆசை இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துக்கொள்ளுங்கள், 2021 நவம்பரில் பாலாறு எப்படிப் பெருகியது என்று பார்த்த ஊர் இது. மழை வந்தால் உள்ளே மாற்ற ஹால் இருக்கிற இடமாக மட்டும் எடுங்கள்.

சரி, தேதி. முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்று ஒரே மண்டபத்தில் நடத்தினால் ஆடியும் மார்கழியும் போக மீதி மாதங்களின் முகூர்த்த நாட்களுக்கு எல்லோரும் மோதுவார்கள், ஆறேழு மாதம் முன்பே போனால்தான் நான்கு இடம் பார்த்து எடுக்க முடியும். கல்யாணம் திருப்பதியிலோ வள்ளிமலையிலோ ரத்தினகிரியிலோ கோயிலில் முடிந்து, ரிசப்ஷன் மட்டும் வேலூரில் என்றால் உங்களுக்கு முகூர்த்தக் கட்டாயமே இல்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் வாடகையைக் குறைத்துப் பேசுங்கள், சாயங்காலத்துக்கு மட்டும் அரை நாள் வாடகை உண்டா என்றும் கேளுங்கள். ஒன்று மட்டும், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நம் ஊரில் முஸ்லிம் வீட்டு நிக்காஹ்வும் வலீமாவும், கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணங்களும் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை.

சாவி எத்தனை மணிக்குக் கையில் வரும் என்பதும் முக்கியம். பல இடங்களில் மதியம் ஆரம்பித்து மறுநாள் மதியம் வரை என்று கணக்கு. முந்தின விசேஷக்காரர்கள் காலி செய்யத் தாமதமானால் அது உங்கள் நேரத்தில்தான் விழும். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம், அதற்கு முன்பே விளக்கோடு உள்ளே போக நினைக்கிற வீடு என்றால் மூன்று மணிக்குச் சாவி வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ராத்திரி பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. பத்து மணிக்கு மேல் வெளியே கேட்கிற மாதிரி ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், லைட் மியூசிக் வைக்கிறவர்கள் அதற்குள் முடிகிற மாதிரி பேசிக்கொள்ளுங்கள்.

இனி பணம். வாடகை என்று சொல்கிற தொகையை அப்படியே மனதில் வைத்து இரண்டு மண்டபங்களை ஒப்பிடாதீர்கள். ஒரு பேப்பரில் வாடகை, அதன் மேல் ஜிஎஸ்டி, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, துப்புரவு, வாட்ச்மேன், குப்பை, பாத்திரம், ரூம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் அவர் வாயால் தொகை சொல்லவைத்துக் கூட்டுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம், ஒரு லட்சம் வாடகைக்கு அதுவே 18 ஆயிரம். அலங்காரம் எங்கள் ஆள்தான் செய்ய வேண்டும், வெளி சமையல்காரர் வந்தால் தனிக் கட்டணம் என்கிற நிபந்தனைகள் கடைசியில்தான் வெளியே வரும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் வாடகை அதிகமாகத் தெரிந்த மண்டபம் மலிவாக முடிவதும் உண்டு. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு யார் எதைக் கொடுப்பது என்பதையும் பெரியவர்களை வைத்து இந்த நேரத்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. ரிசப்ஷன் ராத்திரி மேனேஜர் பில்லோடு வந்து நிற்கும்போது சம்பந்திகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற நிலைமை வரக் கூடாது.

அட்வான்ஸ் ரசீதில் தேதி, சாவி நேரம், காலி செய்யும் நேரம், ஏசி மணி, பேசிய தொகை எல்லாம் இருக்க வேண்டும். தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதும் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் கல்யாணம் தள்ளிப்போகும், அந்த நேரத்தில் பணத்துக்கு அலைய யாராலும் முடியாது. 2020-இல் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தவித்த குடும்பங்கள் எத்தனையோ. பணம் திரும்பி வராது என்றால் வேறு தேதியாவது தருவதாக எழுதித் தரச் சொல்லுங்கள். தேர்தல் சமயம் என்றால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோகும்போது பத்திரிகையும் ரசீதும் பணம் எடுத்த பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும், பறக்கும் படை நிறுத்தினால் காட்ட வேண்டும். 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-இல் நடந்தது, அந்த வருஷம் நமக்கு இரண்டு முறை இந்தச் சோதனை வந்தது.

சாவி வாங்கும்போது ஈபி மீட்டரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பாத்திரத்தையும் நாற்காலியையும் எண்ணி வாங்குங்கள், உடைந்த குழாய், ஓடாத ஏசி இருந்தால் அப்போதே மேனேஜருக்குக் காட்டிப் படம் எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மாதிரி. இந்த வேலையை அப்பாவிடமோ பெண்ணின் அண்ணனிடமோ கொடுக்காதீர்கள், அவர்களுக்கு அன்று ஆயிரம் வேலை இருக்கும், மேடைப் பக்கமே போகத் தேவையில்லாத ஒரு மாமாவையோ நண்பரையோ முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பைசல் செய்த பில்லையும் ரசீதையும் பத்திரிகையோடு ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009-லேயே சட்டம் வந்துவிட்டது, சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போகும்போது அந்தக் கவர் வேண்டியிருக்கும்.